ஒரு ரிடிம், எட்டுக் குரல்: டான்ஸ்ஹால் தொகுப்பை உருவாக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜமைக்காவின் ஆட்ட இசையான டான்ஸ்ஹாலில் இசைதான் முதலில் பிறக்கும். பாட்டு பிறகு வந்து அதன்மேல் உட்காரும். டிரம், பேஸ் (கீழ்ச்சுர வரி), இரண்டு மூன்று கருவி வரிகள் சேர்ந்த அந்தப் பின்னணி இசைக்கு ரிடிம் என்று பெயர். ஒவ்வொரு ரிடிமுக்கும் தனிப்பெயர் உண்டு. ஒரே ரிடிமை ஆறேழு பேர், சில சமயம் இருபது பேர்கூட வாங்கி, ஆளுக்கொரு பாட்டு எழுதிப் பாடுவார்கள். எல்லாம் ஒன்றாக வெளிவரும். இசை ஒன்றுதான் என்பதை யாரும் மறைப்பதில்லை. இதே இசையில் இவர் என்ன செய்திருக்கிறார், அவர் என்ன செய்திருக்கிறார் என்று ஒப்பிட்டுக் கேட்பதில்தான் ரசிகருக்கு ருசி.

இந்தப் பழக்கம் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து சவுண்ட் சிஸ்டங்களில், அதாவது பெரிய ஒலிபெருக்கிகளோடு ஆட்டக் கூட்டம் நடத்தும் குழுக்களில், வளர்ந்தது. 45 சுழற்சி இசைத்தட்டின் பின்பக்கத்தில் குரல் நீக்கிய வெர்ஷனைப் பதிப்பார்கள். அதை ஓடவிட்டு மைக்கில் பேசிப் பாடுவார்கள். 1970இல் யூ-ராய் என்ற கலைஞர், ட்ரெஷர் ஐல் நிறுவனத்தின் பழைய பாட்டுகளின் இசைமேல் இப்படிப் பாடிய தட்டுகள் ஜமைக்காவில் பெரும் வெற்றி பெற்றன. 1974இல் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமில் அமைந்த பாட்டுகளை மட்டும் கோத்து ஒரு முழு ஆல்பம் கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் செய்யும் தொகுப்புக்கு அதுவே முன்மாதிரி.

உள்ளே போகும் முன் சில சொற்கள். ஜமைக்காவில் டீஜே என்றால் தாளத்தோடு பேசிப் பாடுபவர். தட்டுப் போடுபவர் செலக்டர். பேச்சும் ராகமும் கலந்து பாடுபவர் சிங்ஜே. ஒரே ரிடிமின் பாட்டுகளைச் செலக்டர் ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் அறுபடாமல் போடுவது ஜக்ளிங். நீங்கள் செய்யும் வேலை முழுவதும் கடைசியில் அந்த ஜக்ளிங்கில்தான் சோதிக்கப்படும்.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் அமைத்த 'திவாலி' ரிடிமில் தொடங்கலாம். ஆம், தீபாவளியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார். அந்த ரிடிமில் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003 மே மாதம் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' பாட்டுக்கும் பின்னணியில் அதே கைதட்டல் ஒலி, அதே அடி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒருவர் சொற்களைக் கைதட்டலின் இடைவெளிகளில் நெருக்கமாக அடுக்குகிறார். இன்னொருவர் அதே இடைவெளிகளின் மேல் நீண்ட சுரங்களை இழைய விடுகிறார். ரிடிமில் அத்தனை வெற்றிடம் இருப்பதால்தான் இரண்டும் சாத்தியமாகிறது.

அடுத்து 'ஸ்டாலாக்'. 1973இல் ஆன்செல் காலின்ஸ் வாசித்து வின்ஸ்டன் ரைலி தயாரித்த இசை அது. 1982இல் சிஸ்டர் நான்சியும் 1985இல் டெனர் சாவும் அதே இசையில் பாடிய பாட்டுகள் இன்றும் மேடையில் ஓடுகின்றன. பிறகு 1985இன் 'ஸ்லெங் டெங்': கேசியோ எம்.டி-40 என்ற சின்னக் கீபோர்டில் ஏற்கெனவே இருந்த ஒரு ராக் தாளத்தை வேகம் குறைத்து, தயாரிப்பாளர் பிரின்ஸ் ஜாமி, வெய்ன் ஸ்மித்தின் குரலோடு பதிவு செய்தார். கருவி வாங்கப் பணமில்லை என்று தயங்குபவர்கள் இதைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கேட்கும்போது தாளில் எழுதுங்கள்: குரல் எத்தனையாவது பாரில் (நான்கு அடி கொண்ட ஒரு சுற்றில்) நுழைகிறது, பேஸ் எங்கே நிற்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் ஒலிக்கின்றன. நல்ல ரிடிம்களில் இந்தக் கடைசி எண் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

வேகமும் சுருதியும்

டான்ஸ்ஹாலின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 90 முதல் 110 அடி வரை. முதல் ரிடிமுக்கு 100 வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சுலபம். ஒரு பார் 2.4 விநாடி, நான்கு பார் 9.6 விநாடி, பதினாறு பார் 38.4 விநாடி. வேகத்தை ஒருமுறை முடிவு செய்தபின் 100.5 என்றோ 99.8 என்றோ மாற்றாதீர்கள். தொகுப்பில் ஒரு பாட்டு மட்டும் கொஞ்சம் விலகினாலும் ஜக்ளிங்கில் செலக்டரின் கை தடுமாறும்.

சுருதிக்கு ஏ மைனர் நல்ல தொடக்கம். ஒரே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும்; மிஞ்சினால் இரண்டு. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். திரைப்பாட்டுப் பழக்கத்தில் நான்கைந்து கார்டுகளை அழகாக நகர்த்துவார்கள். அந்த நகர்வே ஒரு மெட்டைச் சொல்லிக் கொடுத்துவிடும். வந்த எட்டுப் பேரும் அதே மெட்டைப் பாடிவிட்டுப் போவார்கள். கார்டு அசையாமல் நின்றால்தான் ஒவ்வொருவரும் தன் வழியில் போக முடியும்.

டிரம்: தகிட தகிட தக

ஒரு பாரைப் பதினாறு கட்டங்களாகப் பிரியுங்கள். கிக் (கனத்த டிரம் அடி) 1, 4, 9, 12ஆம் கட்டங்களில். ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி) அல்லது ரிம்ஷாட் (டிரம்மின் விளிம்பு அடி) 7, 15ஆம் கட்டங்களில். வாயால் சொல்லிப் பார்க்க நம்மிடம் சொற்கட்டு கைவசம் இருக்கிறது: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு சொல்லின் 'த' விழும் இடத்தில் அடி விழ வேண்டும்; கடைசித் 'தக'வின் 'த'வில் ஸ்னேர். ஒரு பாருக்கு இரண்டு முறை. கட்டத்தைப் பார்க்காமல் இதைச் சொல்லிக்கொண்டே தொடையில் தட்ட வந்தபிறகு கணினியைத் திறந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஹிப்ஹாப் பழக்கத்தில் கை தானாக ஸ்னேரை 5, 13ஆம் கட்டங்களில் வைக்கும். வைத்தால் மூன்று மூன்று இரண்டின் துள்ளல் போய்விடும். ஆடுபவரின் இடுப்புக்கு வேலை இருக்காது. அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள்.

எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தாலும் இயந்திரத்தனம் வந்துவிடும். 1, 9ஆம் கட்டக் கிக்கை முழுப் பலத்திலும், 4, 12ஆம் கட்டக் கிக்கை அதில் முக்கால் பலத்திலும் வையுங்கள். ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற இரட்டைத் தட்டு) 3, 7, 11, 15இல் மெதுவாக வரட்டும். இரட்டை எண் பார்களில் 12ஆம் கட்டக் கிக்கை எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வெற்றிடமே தாளத்துக்கு மூச்சுக் கொடுக்கும். உருட்டல்கள் எட்டாவது பாரின் கடைசி இரண்டு கட்டங்களில் மட்டும். அதற்குமேல் வைத்தால், பாடுபவர் வரியை முடிக்கும் இடத்தில் உங்கள் டிரம் வந்து மோதும்.

பேஸ்

ஏ மைனரில் பேஸின் அடிச்சுரம் 55 ஹெர்ட்ஸ். ஜி வரை இறங்கினால் 49. பெரிய சவுண்ட் சிஸ்டப் பெட்டியில் இது நெஞ்சில் இடிக்கும். கைப்பேசியிலோ காணாமல் போய்விடும். பேஸுக்கு லேசாக சாச்சுரேஷன் (மேல்சுரங்களைச் சேர்க்கும் மெல்லிய ஒலித்திரிபு) கொடுத்தால் 110, 165 ஹெர்ட்ஸ் மேல்சுரங்கள் எழும். சின்ன ஸ்பீக்கரிலும் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும்.

கிக்கும் பேஸும் ஒரே நொடியில் ஒரே அதிர்வெண்ணில் விழுந்தால் இரண்டும் மங்கும். கிக் விழும்போது பேஸ் 3, 4 டெசிபல் தாழும்படி சைட்செயின் வைக்கலாம். அதைவிட நல்ல வழி, பேஸின் சுரங்களைக் கிக் இல்லாத கட்டங்களில் எழுதுவது. பேஸ் வரி இரண்டு பாருக்குள் முடிந்து திரும்ப வேண்டும், வாயால் முணுமுணுக்க வர வேண்டும். வரவில்லையென்றால் சுரங்கள் அதிகம். இரண்டை நீக்கிவிட்டு மறுபடி பாடிப் பாருங்கள்.

குரலுக்கு இடம்

ரிடிம் தனியாகக் கேட்கும்போது முழுமையாக இருக்கக் கூடாது. ஏதோ குறைகிறதே என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். அந்தக் குறைதான் குரல் வரவேண்டிய இடம். தனியாகக் கேட்டு 'ஆஹா' என்று நிறைவடைந்தால், அது தனி இசைத்துண்டு ஆகிவிட்டது என்று பொருள்.

மனிதக் குரலின் தெளிவு பெரும்பாலும் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. அங்கே நீண்டு நிற்கும் சின்த் பேட், ஸ்ட்ரிங்ஸ், கிட்டார் எதுவும் வேண்டாம். வெட்டி வெட்டி ஒலிக்கும் குட்டை ஒலிகள் போதும்.

சோதனை எளிது. ரிடிமைப் பேச்சுச் சத்தத்தில் ஓடவிட்டு, ஒரு நாளிதழ்ப் பத்தியைச் சாதாரணக் குரலில் வாசியுங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் ஏதோ ஒன்று வழிமறிக்கிறது. கருவிகளை ஒவ்வொன்றாக மியூட் செய்துகொண்டே வாசியுங்கள். எதை நிறுத்தியதும் குரல் இலகுவாகிறதோ அதைக் குறையுங்கள், அல்லது இன்ட்ரோவுக்கு (பாட்டின் தொடக்கத்துக்கு) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிடிமுக்கு ஓர் அடையாள ஒலியும் கட்டாயம் தேவை. 'திவாலி'க்குக் கைதட்டல்போல, முதல் இரண்டு விநாடியில் கூட்டம் 'இதுதான்' என்று கண்டுகொள்ள வேண்டும். அது இன்ட்ரோவில் உரக்க வரட்டும். குரல் நுழைந்ததும் பின்னால் போகட்டும்.

யாரை அழைப்பது, என்ன சொல்லி அழைப்பது

முதல் தொகுப்புக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். ஒரே மாதிரிக் கனத்த குரல் ஐந்து பேரைச் சேர்த்தால் மூன்றாவது பாட்டிலேயே கேட்பவர் சலித்துவிடுவார். கனமான டீஜே ஒருவர், வேகமாக அடுக்கும் பெண் டீஜே ஒருவர், மென்மையான பாடகர் ஒருவர், சிங்ஜேக்கள் இருவர், சமூகத்தைப் பற்றி எழுதுபவர் ஒருவர், புதுமுகங்கள் இருவர் என்று கலந்து எடுங்கள்.

ஒருவர் பாடி முடித்த பாட்டை இன்னொருவருக்கு மாதிரியாக அனுப்பாதீர்கள். கேட்டவர் தன்னையறியாமல் அதே கோரஸின் (பல்லவியின்) நிழலில் எழுதுவார். எல்லோருக்கும் வெறும் ரிடிம் மட்டும். தலைப்புகளை மட்டும் நீங்கள் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மூன்று ஆட்டப்பாட்டு வந்துவிட்டது, நீங்கள் வேறு எதையாவது எடுங்கள் என்று நான்காமவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கையெழுத்து முதலில், கோப்பு பிறகு

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: இசையும் வரியும் சேர்ந்த படைப்பின் உரிமை, அந்த ஒலிப்பதிவின் உரிமை. படைப்பின் உரிமையை ரிடிம் செய்தவருக்குப் பாதி, வரியும் மெட்டும் எழுதியவருக்குப் பாதி என்று பிரிப்பது பரவலான வழக்கம். ரிடிமை இருவர் செய்து தங்களுக்குள் 60க்கு 40 என்று பேசியிருந்தால், மொத்தத்தில் அது 30, 20 ஆகும். பாடகருக்கு வரி எழுத உதவியவர் இருந்தால் அவர் பங்கு பாடகரின் 50இலிருந்து போகும். ஒலிப்பதிவு உரிமை யாருக்கு, பாடகருக்குக் கிடைப்பது ஒருமுறைத் தொகையா வருமானப் பங்கா என்பதைத் தனியாக எழுதுங்கள்.

ஒரு பக்கத் தாள் போதும். சட்டப்படியான பெயர், மேடைப் பெயர், பாட்டின் பெயர், ரிடிமின் பெயர், சதவீதம், ராயல்டி அமைப்பு, தேதி, கையெழுத்து. ஜமைக்காவில் படைப்பு ராயல்டியை ஜேகேப் அமைப்பும், ஒலிப்பதிவுக்கானதை ஜாம்ஸ் அமைப்பும் பார்த்துக்கொள்கின்றன. வேறு நாட்டில் இருப்பவர் அங்குள்ள அமைப்பில் பதிவு செய்ய வேண்டும்.

பாட்டு ஓடத் தொடங்கியபிறகு பங்கு பேசினால் எட்டுப் பேரும் எட்டுக் கணக்கு சொல்வார்கள். பழைய ரிடிமை எடுத்து மறுபடி வாசிப்பதாக இருந்தால் இன்னும் கவனம். ஜமைக்கத் தயாரிப்பாளர்களான ஸ்டீலி அண்ட் கிளீவி இணை 1989இல் வெளியிட்ட 'ஃபிஷ் மார்க்கெட்' ரிடிமின் தாளத்தை எடுத்தாண்டதாகப் பல ரெகேடோன் (லத்தீன் அமெரிக்க ஆட்ட இசை) கலைஞர்கள்மீது 2021இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. பாட்டு வந்து முப்பது ஆண்டு ஆனாலும் கேள்வி வரும்.

அனுப்பும் கோப்பு

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக அனுப்புங்கள். எம்பி3 வேண்டாம். எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தொடக்கத்தில் சில பத்து மில்லிவிநாடி மௌனம் சேர்ந்துவிடும். பாடகர் அதன்மேல் பாடித் திருப்பி அனுப்பும் குரல், உங்கள் மூலக்கோப்பில் வைத்தால் ஒரு மயிரிழை பின்தங்கும். காரணம் தெரியாமல், பாடகருக்குத் தாளம் சரியில்லை என்று பழி போடுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு பிசகு மாதிரி வீதம், அதாவது ஒரு விநாடி ஒலியை எத்தனை துளிகளாகப் பதிகிறோம் என்ற கிலோஹெர்ட்ஸ் எண். 44.1இல் பதிந்த குரலை மென்பொருள் 48 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால், குரல் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் மேலே போகும். 163 விநாடிப் பாட்டு 150 விநாடியில் முடிந்துவிடும். பாடகர் அனுப்பியது அணில் குரலாகக் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

தொடக்கத்தில் இரண்டு பார் கிளிக் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே ரிடிமின் பெயர், வேகம், சுருதி, பதிப்பு எண் இருக்கட்டும். ரிடிமில் சின்ன மாற்றம் செய்தாலும் எண்ணைக் கூட்டுங்கள். மூன்று பேர் பழைய பதிப்பில் பாடிவிட்டால் பிறகு பிரித்தறிய முடியாது.

கோரஸ் எங்கே, வெர்ஸ் (சரணம்) எங்கே என்று நீங்களே கட்டம் கட்டிக் கொடுக்க வேண்டாம். எல்லாக் கருவியும் ஒலிக்கும் நேரான ஓட்டமாக 80 பார் கொடுங்கள். பாடகர் தன் அமைப்பைத் தானே முடிவு செய்யட்டும். கேட்டால் மட்டும் ஒரு யோசனை: இன்ட்ரோ 4, கோரஸ் 8, வெர்ஸ் 16, கோரஸ் 8, வெர்ஸ் 16, கோரஸ் 8, முடிவு 8. மொத்தம் 68 பார், 2 நிமிடம் 43 விநாடி. ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள்: முதல் பத்து விநாடிக்குள் குரல் நுழைய வேண்டும், அதுவும் பலமான வரியோடு. கூட்டம் கூச்சலிட்டு, செலக்டர் பாட்டை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து போடும் புல்-அப் அந்த முதல் வரிகளுக்குத்தான் கிடைக்கும்.

வாய்சிங்: குரல் பதிவு

மைக்கிலிருந்து வாய் ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர். டீஜேக்கள் திடீரென்று முழங்குவார்கள். உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி முன்னதாகவே குறைத்து வையுங்கள். பதிவில் எக்கோ, ரிவெர்ப் எதுவும் சேரக் கூடாது. பாடுபவரின் ஹெட்ஃபோனில் மட்டும் கொடுக்கலாம். தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று அவர் சொன்னால் மென்பொருளின் பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128க்கோ 64க்கோ இறக்குங்கள்.

முக்கியக் குரல், இரட்டிப்பு, இடையில் எறியும் சத்தங்கள், ஹார்மனி ஆகிய நான்கையும் தனித்தனிக் கோப்பாகக் கேளுங்கள். ஒவ்வொன்றும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வானொலிக்கான பதிப்பையும் அன்றைக்கே பாடி வாங்கிவிடுங்கள். ஆபாசமான சொல்லை 'பீப்' போட்டு மறைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2009 பிப்ரவரியில் ஜமைக்காவின் ஒலிபரப்பு ஆணையம் அப்பட்டமான பாலியல் பாட்டுகளை ஒலிபரப்பத் தடை விதித்தபோது, பீப் போட்டு ஒப்பேற்றுவதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. வரியையே மாற்றி எழுதிப் பாடுவதுதான் வழி.

மிக்ஸ்

எட்டுப் பாட்டையும் ஒரே ப்ராஜெக்டில், ஒரே டிரம், பேஸ் அளவில் வைத்து மிக்ஸ் செய்யுங்கள். ஒரு பாட்டில் பேஸைக் கூட்டினால் எல்லாவற்றிலும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஜக்ளிங்கில் அடுத்த பாட்டு வந்ததும் தரை இறங்கியதுபோல் இருக்கும். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கம்ப்ரஷன் (உரத்த இடங்களை அடக்கிச் சமமாக்குவது) 3க்கு 1 அல்லது 4க்கு 1. டிலே (எதிரொலி) 450 மில்லிவிநாடி. 100 வேகத்தில் அது மூன்று கட்டம், மூன்று மூன்று இரண்டோடு இழையும். வரி முடியும் கடைசிச் சொல்லுக்கு மட்டும் அதைத் திறந்துவிடுங்கள்.

ஒவ்வொரு பாட்டையும் தனித்துக் காட்டுவது மியூட்தான். இந்தப் பாட்டில் இரண்டாம் வெர்ஸின் முதல் இரண்டு பாருக்கு பேஸ் இல்லை. அந்தப் பாட்டில் குத்தலான வரி வரும்போது டிரம் முழுக்க நின்று குரல் மட்டும். பாடகரின் வரியைக் கேட்டு, அது எங்கே வெறுமையைக் கேட்கிறது என்று பார்த்து வெட்ட வேண்டும். ஒரே மியூட் வரிசையை எட்டுக்கும் ஒட்டினால் ஒரே ரிடிம் என்பது பலமாக இல்லாமல் சுமையாகத் தெரியும்.

வெளியீடு

ஒவ்வொரு பாட்டுக்கும், குரலில்லாத வெர்ஷனுக்கும், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி எண்ணைத் தனித்தனியாக வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே விநியோக நிறுவனத்தின் வழியாக அனுப்புங்கள். பாடகர்கள் ஆளுக்கொரு நிறுவனத்தில் தனியாக ஏற்றினால், ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரை அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி ஒரே பின்னணி இசையைக் கண்டுபிடித்து, ஒருவர் பாட்டின்மீது இன்னொருவர் பெயரில் உரிமைக்கோரல் போட்டுவிடும். வெர்ஷனைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவே வேண்டாம். அதைச் சேர்த்தால் உங்கள் எட்டுப் பாட்டுமே அதில் மாட்டும்.

செலக்டர்களுக்கு வெளியீட்டுக்கு முன்பே தனித் தொகுப்பு கொடுங்கள்: எல்லாப் பாட்டும், வானொலிப் பதிப்பும், தொடக்கத்தில் எட்டு பார் வெறும் தாளம் உள்ள பதிப்பும், வெர்ஷனும். பொதுவில் வெர்ஷனைச் சில வாரம் தாமதித்து விடுவது நல்லது. முதல் நாளே விட்டால், நீங்கள் அழைக்காத குரல்கள் உங்கள் எட்டுப் பாட்டும் பரவுவதற்கு முன்பே அதில் பாடி ஏற்றிவிடும். பிறகு விடும்போது, அதில் பாட விரும்புகிறவர் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், என்ன பங்கு என்பதை விவரப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். ஒன்பதாவது பாட்டு அந்த வழியில் வரக்கூடும்.